உங்களுக்குத் தெரியுமா? பெயர் அவசரம், ஆயுள் 42 வருஷம்

அமெரிக்க அதிபர் ஆணையில் கையெழுத்துப் போட்டு, அதைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டுவதை டிவியில் பார்க்கும்போதெல்லாம், கேமரன் மலையில், தானா ராத்தா சாப்பாட்டுக் கடையில் யாராவது ஒருவர் சொல்வார்: "நல்லவேளை, நம்ம நாட்டுல இதெல்லாம் இல்ல." இருக்கிறது அண்ணே! மலேசிய அரசியலமைப்பின் 150-ஆவது பிரிவைப் பாருங்கள். மாமன்னர் அவசரகாலம் அறிவிக்கலாம். நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் அவசரச் சட்டமும் பிறப்பிக்கலாம். கதை அதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது.

● 1948 ஜூன் 16. ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூவர் ஒரே காலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். பன்னிரண்டு வருஷம் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டைக்குப் பிரிட்டிஷார் ஏன் 'போர்' என்று பெயர் வைக்கவில்லை? 'போர்' என்று சொல்லிவிட்டால் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் லண்டன் காப்புறுதிக் கம்பெனிகள் இழப்பீடு தராது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். 1960 ஜூலை 31-இல் முடிந்தது.

● உங்கள் பர்ஸில் இருக்கும் ஐசி, அவசரகாலம் பெற்ற பிள்ளை. 1948-இல் வந்த அவசரகால விதிப்படி 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும். படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அட்டை இல்லாமல் வெளியே போக முடியாது. காட்டில் இருந்தவர்களுக்கு அந்த அட்டைமேல் அவ்வளவு கோபம். மக்களிடமிருந்து பிடுங்கிக் கொளுத்தினார்கள். சண்டை ஓய்ந்தது, அட்டை ஓயவில்லை. நீலமாக, சிவப்பாக, கடைசியில் சில்லு பதித்த மைகார்டாக மாறி, இன்று பேங்கிலும் கிளினிக்கிலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

● பால் டின்னில் ஓட்டை போட்டு விற்ற கடைக்காரரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? உணவுக் கட்டுப்பாடு இருந்த வட்டாரங்களில், டின் உணவை வாங்குகிறவர் கண்ணெதிரே ஆணியால் குத்திக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. ஓட்டை விழுந்த டின் தாங்காது. அன்றைக்கே காலி செய்தாக வேண்டும், காட்டுக்குக் கடத்த முடியாது. அரிசிக்கும் அதே கதிதான். பங்கீட்டு அளவுதான் கிடைக்கும், சில இடங்களில் அரிசிக்குப் பதிலாகச் சமைத்த சோறே கொடுத்தார்கள். அரிசி மாதக் கணக்கில் கிடக்கும், சோறு மறுநாளே ஊசிப்போகும் அல்லவா! காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலிலேயே நிறுத்திச் சோதித்தார்கள். கட்டுச்சோறு கொண்டுபோகக் கூடாது. பால்மரம் வெட்டப் போனவர் பசியோடுதான் வீடு திரும்ப வேண்டும். காட்டோரத்துக் குடியிருப்புகளை மொத்தமாகப் பெயர்த்து முள்வேலிக்குள் வைத்ததும் அப்போதுதான். ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள். நம் மலையில் ரிங்லெட்டிலும் பெர்த்தாம் வேலியிலும் இருக்கும் புதுக்கிராமங்கள் அந்த வகைதான். இன்று அங்கிருந்துதான் கோலாலம்பூர் சந்தைக்குக் கோபிஸ் லாரி ஏறுகிறது.

● துப்பாக்கி கையில் இருந்தாலே தூக்கு. அதுவும் ஓர் அவசரகால விதி. எஸ். ஏ. கணபதி, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த தமிழர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. யாரையும் சுட்டதாக வழக்கில்லை. இந்திய அரசு எவ்வளவோ கேட்டுப் பார்த்தும் பலிக்காமல், 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். முதல் நாள்தான் அவருடைய சகா வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தோட்டத் தொழிலாளி உரக்கப் பேசவே அஞ்சியதற்கு அந்த இரண்டு நாள்களும் ஒரு காரணம் என்பேன்.

● 1969 மே 13 கலவரத்துக்குப் பின் அறிவித்த அவசரகாலம் எப்போது முடிந்தது? நாடாளுமன்றம் மறுபடி கூடிய 1971-இல் என்று நினைத்தால் தவறு. கலவரம் அடங்கி, அதை நேரில் பார்த்தவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அறிவிப்பு உயிரோடு இருந்தது. சரவாக்குக்கென 1966-இல் வந்ததும், கிளந்தானுக்கென 1977-இல் வந்ததும் துணைக்கு. மூன்றையும் நாடாளுமன்றம் நீக்கியது 2011 கடைசியில்.

நீக்குவதற்குச் சில மாதம் முன்பு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். 1969 அவசரச் சட்டம் ஒன்றின்படி, விசாரணையே இல்லாமல் ஒருவரை 60 நாள் அடைத்து வைக்கலாம். 2011 ஜூலையில் அந்தச் சட்டத்தில் ஆறு சோசலிசக் கட்சிக்காரர்களை அடைத்தார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், 2008-இல் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்தவர். எந்தத் தொகுதிக்கு எம்.பி. தெரியுமா? சுங்கை சிப்புட்! முதல் அவசரகாலம் எங்கே பிறந்ததோ அதே ஊர். மாத இறுதியில் விட்டுவிட்டார்கள்.

● நாம்தான் மோசம் என்று வருந்த வேண்டாம். ஈரான் விஷயமாக அமெரிக்க அதிபர் கார்ட்டர் 1979 நவம்பர் 14-இல் தேசிய அவசரநிலை அறிவித்தார். அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் பிடித்துவைக்கப்பட்ட பிணைக்கைதிகள் 1981 ஜனவரியிலேயே வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அறிவிப்பை மட்டும் அதிபர் மாற்றி அதிபர் வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், சாலை வரி கட்டுகிற மாதிரி.

● இந்தியாவில் 1975 ஜூன் 25 இரவு அவசரநிலை அறிவிப்பில் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். அமைச்சரவைக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலையில்.

● 2021 ஜனவரி 12. கோவிட்டுக்காக மறுபடி அவசரகாலம். அறிவித்த மாமன்னர் அல்-சுல்தான் அப்துல்லா, நம் பகாங் சுல்தான். எங்கள் மலைக்காரர்களுக்கு அப்போது வந்த சங்கடம் வேறு மாதிரி. தாப்பா ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். ஆனால் அது பேராக். ஈப்போ போனாலும் பேராக். அந்தப் பக்கம் இறங்கினாலே மாநிலம் தாண்டிய கணக்கு, போலீஸ் அனுமதிக் கடிதம் வேண்டும். ஒரு சின்ன விஷயம், பலர் குழப்பிக்கொள்வது: அந்தப் பயணத் தடை அவசரகாலத்தால் வந்ததல்ல, 1988-ஆம் வருஷத் தொற்றுநோய்ச் சட்டத்தால் வந்தது. அதற்கான அபராதத்தை 1,000 ரிங்கிட்டிலிருந்து 10,000 ரிங்கிட் வரை ஏற்றியதுதான் அவசரச் சட்டத்தின் கைவரிசை. நாடாளுமன்றம் பூட்டிக் கிடந்ததால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

● மாமன்னர் 'முடியாது' என்றும் சொல்லியிருக்கிறார். 2020 அக்டோபரில் பிரதமர் முகிதின் அவசரகாலம் கேட்டபோது, மற்ற சுல்தான்களோடு கலந்து பேசிவிட்டு, தேவையில்லை என்றார். அடுத்த ஜூலையில் இன்னொரு கூத்து. அவசரச் சட்டங்களை எல்லாம் ரத்து செய்தாயிற்று என்று சட்ட அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். 'என் சம்மதம் இல்லாமல் எப்படி?' என்ற பொருளில் ஜூலை 29-இல் அரண்மனையிலிருந்து அறிக்கை வந்தது. ஆகஸ்ட் 16-இல் முகிதின் பதவி விலகினார்.

● ஒரே ஒரு தொகுதிக்கு மட்டும் அவசரகாலம் போட்ட கதையும் உண்டு. சபாவில் பத்து சாப்பி. இடைத்தேர்தல் வைத்தால் நோய் பரவும் என்று 2020 நவம்பரில் அந்தத் தொகுதிக்கு மட்டும் அறிவித்து, தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். நம் கேமரன் மலை இடைத்தேர்தல் 2019 ஜனவரியில் நடந்தது. ரம்லி முகமட் நோர் ஜெயித்து, பூர்வகுடி ஓராங் அஸ்லி மக்களில் இருந்து மக்களவைக்குத் தேர்வான முதல் ஆளானார். 2020 கடைசியில் வந்திருந்தால், எங்கள் மலைக்கென்றே தனியாக ஓர் அவசரகாலம் கிடைத்திருக்கலாம்.