விண்கலத்தைத் தரையில் தொடும் கைகள்

மைசூரு சித்தார்த்த நகரில் இருக்கிறது பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம். டிஆர்டிஓவின் கீழ் 1961-இல் தொடங்கப்பட்ட இந்த ஆய்வகம், பனிமலையில் காவல் நிற்கும் ராணுவ வீரர்களுக்கான உணவுப் பொட்டலங்களுக்குப் பேர்போனது. 1984 ஏப்ரலில் இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா சோயூஸ் டி-11 கலத்தில் விண்வெளிக்குப் போனபோது கொண்டுசென்ற ரவை அல்வாவும் வெஜிடபிள் புலாவும் இங்கே தயாரானவை. இப்போது இந்தியாவின் மனித விண்பயணத் திட்டமான ககன்யானின் வீரர்களுக்கான உணவும் இங்கேதான் உருவாகிறது.

விண்வெளிக்கான உணவுப் பொட்டலத்தைச் செய்வது சமையலோடு முடிகிற வேலை இல்லை. எடையற்ற நிலையில் ஒரு துணுக்கு உதிர்ந்தாலும் அது மிதந்துபோய்க் கண்ணிலோ கருவியிலோ ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைத் தம்ளரில் ஊற்ற முடியாது. களைத்துப்போன மனிதர் தடுமாறாமல் பிரித்துச் சூடாக்கிச் சாப்பிட வேண்டும். இப்படி மனிதரின் கை, கண், நினைவு, களைப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கில் கொண்டு பொருளையும் வேலைமுறையையும் அமைப்பதுதான் மனிதக் காரணிப் பொறியியல்.

விண்வெளி என்றதும் இந்த அக்கறை மேலே போகிறவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடுகிறோம். ககன்யானில் போகக்கூடியவர்கள் அதிகபட்சம் மூன்று பேர். அந்த ராக்கெட்டின் பாகங்களைச் சேர்த்து, கேபிள் மாட்டி, எரிபொருள் நிரப்பி, ஏவுதளத்துக்கு நகர்த்தும் கைகள் நூற்றுக்கணக்கானவை. அந்தக் கைகளுக்கு உரியவர்களும் களைப்பவர்கள், மறப்பவர்கள். அவர்களுடைய வேலையும் அதே கவனத்தோடு வடிவமைக்கப்பட வேண்டும்.

இதற்கான பாடம் விண்வெளி உணவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1960-களில் நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகமும் சேர்ந்து விண்வெளி உணவைத் தயாரித்தபோது ஒரு சிக்கல் வந்தது. உணவில் கிருமி இல்லை என்று உறுதிசெய்ய, தயாரித்ததில் பெரும்பகுதியைச் சோதனைக்கே செலவிட வேண்டியிருந்தது. கடைசியில் சோதித்துப் பயனில்லை, தவறு நுழையக்கூடிய ஒவ்வொரு படியிலும் காவல் வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதிலிருந்து பிறந்த ஹாசப் என்ற முறையைத்தான் இன்று உலகெங்கும் உணவு ஆலைகள் பின்பற்றுகின்றன.

அந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2003 செப்டம்பர் 6 காட்டியது. கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் லாக்ஹீட் மார்ட்டின் கூடத்தில் நோவா என்-பிரைம் என்ற வானிலைச் செயற்கைக்கோளைச் செங்குத்து நிலையிலிருந்து படுக்கைவாட்டுக்குச் சாய்த்தார்கள். அது நழுவித் தரையில் விழுந்தது. சாய்க்கும் வண்டியோடு அதைப் பிணைக்கும் தட்டில் இருந்திருக்க வேண்டிய 24 போல்ட்டுகள் இல்லை. வேறொரு செயற்கைக்கோளுக்கு வேலை செய்த குழு அவற்றைக் கழற்றி எடுத்திருந்தது. எடுத்ததை எங்கும் பதிவு செய்யவில்லை. பொறுப்பாளர்கள் நேரில் பார்க்காமல் பழைய பதிவை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்று சனிக்கிழமை, குழுவும் அவசரமாகக் கூட்டப்பட்டது. துளைகள் காலியாக இருப்பதை ஒருவர் சொல்லியும் அந்தப் பேச்சு எடுபடவில்லை. பழுதுபார்க்க ஆன செலவு சுமார் 13.5 கோடி டாலர்.

போல்ட்டை எடுத்தவரைத் தண்டித்தால் இது தீருமா? தீராது என்றே நான் உறுதியாகச் சொல்வேன். இரண்டு குழுக்களுக்கும் ஒரே வண்டி, பார்க்காமலே நிரப்ப முடிகிற படிவம், சந்தேகம் எழுப்பியவரின் குரலுக்கு மதிப்பில்லாத சூழல் ஆகிய மூன்றும் அப்படியே இருந்தால் நாளை இன்னொருவர் அதே தவற்றைச் செய்வார்.

இப்படிப்பட்ட தவறுகள் ஓரிடத்தோடு நிற்கவில்லை. 2013 ஜூலை 2-ஆம் தேதி ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட் பைக்கனூரில் கிளம்பிய சில நொடிகளிலேயே தடுமாறி, தரையில் மோதி வெடித்தது. திரும்பும் வேகத்தை அளக்கும் ஆறு உணரிகளில் மூன்று தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. மேல்பக்கம் எது என்பதைக் காட்ட அம்புக்குறி இருந்தது. சரியான இடத்தில் உட்கார வைக்கும் ஊசிகளும் இருந்தன. ஆனாலும் பலவந்தமாக அழுத்திப் பொருத்த முடிந்திருக்கிறது. நம் நாட்டிலும் 2006 ஜூலை 10-ஆம் தேதி இன்சாட்-4சி-யைச் சுமந்த ஜிஎஸ்எல்வி-எஃப்02 வங்கக் கடலில் விழுந்தது. பக்க எஞ்சின்கள் நான்கில் ஒன்றின் எரிபொருள் சீராக்கியில் தயாரிப்பின்போது தெரியாமல் நேர்ந்த தவறு, அதன்பின் நடந்த ஆய்வுகளிலும் சோதனைகளிலும் சிக்காமல் தப்பியிருந்தது.

சிம் கார்டின் ஒரு மூலையை வெட்டியிருப்பதால் அதை நாம் தப்பாகச் செருகுவதில்லை. மனிதக் காரணிப் பொறியாளர்கள் கேட்பதும் இதைத்தான்: வேறு இடத்தில் பொருந்தவே முடியாத கனெக்டர், உடலை வளைக்காமல் கை எட்டும் மேடை, கையுறை போட்டபடியே திருகக்கூடிய போல்ட், ஒருவர் வாசிக்க மற்றவர் செய்து பதில் சொல்லும் செக்லிஸ்ட், ஷிப்ட் மாறும்போது பாதியில் நிற்கும் வேலையைப் பார்த்தவுடன் தெரியவைக்கும் அடையாளம். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையில் புதிதாகச் சேர்ந்தவரும் ‘நிறுத்துங்கள்’ என்று சொன்னால் அது ஏற்கப்பட வேண்டும்.

நிறுத்துவதில் இஸ்ரோ நெடுந்தூரம் வந்திருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி எஸ்எல்வி-3 ராக்கெட் புறப்படும் முன் கணினி தடுத்தது. வல்லுநர்களின் யோசனையைக் கேட்டு அதை மீறி ஏவியதை அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த அப்துல் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த ராக்கெட் கடலில் விழுந்தது. 2023 அக்டோபர் 21-ஆம் தேதி ககன்யானுக்கான டிவி-டி1 என்ற ஆளில்லாச் சோதனை ஏவலை, புறப்பட 5 நொடிகள் இருக்கும்போது கணினி நிறுத்தியது. பொறியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். அன்று காலை 10 மணிக்குச் சோதனை வெற்றிகரமாக நடந்தது.

தரைப்பணியில் பறிபோவது பணமும் கலமும் மட்டுமல்ல. 2004 பிப்ரவரி 23-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருள் பணியின்போது பிடித்த தீயில் ஆறு பேர் இறந்தார்கள். 1981 மார்ச் 19-ஆம் தேதி கென்னடி விண்வெளி மையத்தில், கொலம்பியா விண்வெளி ஓடத்தின் பின்பகுதிக்குள் நைட்ரஜன் நிரம்பியிருப்பது தெரியாமல் ஊழியர்கள் நுழைந்தார்கள். அன்றே ஒருவர் உயிரிழந்தார். விண்வெளி வீரர்களின் பெயர்களை நாடே அறியும். இவர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. குறைந்த ஆட்களைக் கொண்டு சில நாட்களில் தயார்செய்யும்படி வடிவமைத்த எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகள் அங்கிருந்து போகும். ஆட்கள் குறைந்தால் ஒவ்வொருவர் தலையிலும் சுமை கூடும். மேடையின் உயரம், ஷிப்டின் நீளம், செக்லிஸ்டின் வடிவம் ஆகியவற்றைக் கட்டி முடித்தபின் மாற்றுவது கடினம். அங்கே ஸ்பேனர் பிடிக்கப்போகிற டெக்னீஷியன்களையும் இப்போதே வரைபடத்தின் முன் உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு அந்தக் கூடங்களைக் கட்டுங்கள்.