கடலூர் அலையும் ஹாஸ்டல் ஃபேனும்!

ஒரு புராஜெக்ட்டுக்காக கடலூர் தேவனாம்பட்டினம் போறீங்கன்னு வெச்சுக்குங்க. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு சுனாமியை நேர்ல பார்த்த ஒரு மீனவர் தாத்தாவைப் பேசவிட்டு பதிவு பண்றீங்க. சிதம்பரம் ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து உங்க வர்ணனையையும் பேசி, ரெண்டையும் ஒட்டிக் கேட்டா... ‘டப்’! அலைச் சத்தம் பட்டுனு நின்னு, தலைக்கு மேல ஃபேன் சத்தம் கேட்குது.

என்ன ஆச்சு? சி.டி. தரத்துல ஒரு நொடி ஒலிங்கிறது 44,100 புள்ளிகள். அதெல்லாம் சேர்ந்து மேலும் கீழுமா போற ஒரு கோடு. மேட்டுல வெட்டி பள்ளத்துல ஒட்டினா கோடு தாவும். அந்தத் தாவல்தான் ‘டப்’. அதனால, கோடு பூஜ்யத்தைத் தொடுற இடத்துல வெட்டுங்க. 2000-ல வெளிவந்த இலவச சாஃப்ட்வேரான ஆடாசிட்டியில, வெட்டவேண்டிய பகுதியை செலக்ட் பண்ணி ‘இசட்’ கீயைத் தட்டினா அதுவே அந்த இடத்துக்கு நகர்ந்துக்கும். கூடவே ஒரு குட்டி கிராஸ்ஃபேட். ஒண்ணு தேய, இன்னொண்ணு வளரும்.

அடுத்து, பேசும்போது ஃபேனை ஆஃப் பண்ணுங்க பாஸ்! கடற்கரையில வெறும் அலையை மட்டும் ஒரு நிமிஷம் தனியா பதிவு பண்ணிக்குங்க. உங்க வர்ணனையோட கடைசி வரிக்கு அடியில அதை மெல்ல ஏத்துங்க. தாத்தா பேசறதுக்கு முன்னாடியே, கேட்கறவங்க காது கடலூர் பஸ் ஏறியிருக்கும்!

இனிமேதான் மேட்டரே. தாத்தா நடுவுல நாலு நொடி பேசாம இருக்கார். ‘வேஸ்ட்’னு வெட்டிடாதீங்க. மௌனத்தை எல்லாம் ஒரே க்ளிக்குல சுருக்குற வசதி இருக்கு. இங்கே அது வேணாம். அந்த நாலு நொடியில அவர் அழுகையை அடக்கிட்டு இருக்கலாம். வெட்டினா, செய்தி வாசிச்ச மாதிரி ஆயிடும்.

‘‘யாரையும் காப்பாத்தலை... காப்பாத்த முடியலை’’ன்னு அவர் சொல்றார். நேரம் பத்தலைன்னு பின்பாதியை வெட்டினா? தவிச்ச மனுஷன் குற்றவாளி ஆயிடுவார். ஒட்டு தெரியாம வெட்டத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இந்த ஆபத்து ஜாஸ்தி!

அதனால ஒரிஜினலைத் தொடாம, காப்பியில எடிட் பண்ணுங்க. முடிச்சதும் ஹெட்போனை தாத்தா காதுல மாட்டுங்க. ‘‘ஆமாப்பா, இப்படித்தான் சொன்னேன்’’னு அவர் தலையாட்டினா, நீங்க பாஸ்!