நடுநிசியில் விழிக்கும் குழந்தை

ஒன்றரை வயதுக் குழந்தை இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து அழுதால், நம் வீடுகளில் முதலில் பசி என்பார்கள். பால் கொடுத்தும் அடங்காவிட்டால் பல் முளைக்கிறது என்பார்கள். அதுவும் இல்லையென்றால், கண்பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப்போடுவார்கள். முதல் இரண்டும் சில சமயங்களில் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் ஆரோக்கியமாக வளர்ந்துவரும் குழந்தை மாதக்கணக்கில் இரவுதோறும் விழித்துக்கொள்ளுமானால், அதன் காரணத்தை நடுநிசியில் தேடுவதைவிட, அன்று அந்தியில் அது எவ்விதம் தூங்கவைக்கப்பட்டது என்பதில் தேடுவதே பொருத்தமாகும்.

நித்திரை என்பது விடியும்வரை ஒரே சீராக நீளும் நிலையன்று. உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று இரவில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை, 1953-ஆம் ஆண்டில் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த யூஜீன் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் வெளியிட்டார்கள். ஆழ்ந்த உறக்கமும், கண்கள் அசையும் இந்தக் கனவுறக்கமும் மாறி மாறி வரும் ஒரு சுற்று, பெரியவர்களுக்கு ஏறக்குறைய 90 நிமிஷம். சிறு குழந்தைகளுக்கோ ஒரு மணி நேரமளவுதான். சுற்று முடியும் சமயங்களில் பிரக்ஞை லேசாகத் தலைதூக்குவது எல்லோருக்கும் சகஜம். நாம் புரண்டு படுத்து, விழித்ததையே மறந்துவிடுகிறோம்.

குழந்தையால் அவ்விதம் முடிவதில்லை. தூளியில் ஆடியபடியே கண்ணயர்ந்த குழந்தையை மெல்லத் தூக்கிப் பாயில் கிடத்துகிறோம்; சிறிது நேரத்தில் அரைவிழிப்பு ஏற்படும்போது, ஆட்டமும் இல்லை, கொக்கியின் கிறீச்சொலியும் இல்லை, உடம்பைச் சுற்றி அணைத்திருந்த பழஞ்சேலையும் இல்லை என்றால், அது அழாமல் என்ன செய்யும்? தூளியை மட்டும் குறைகூறவேண்டுவதில்லை; தோளும், பால் புட்டியும், கைபேசிப் பாட்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. புட்டிக்கு மட்டும் ஒரு தோஷம் அதிகம்: இரவெல்லாம் வாயில் தேங்கும் பால் பற்களைச் சொத்தையாக்கும்.

ஆகவே, தினந்தோறும் ஒரே வேளையில் விளக்கைத் தணித்து, உடம்பைத் துடைத்து, கதையோ பாட்டோ சொல்லி, கண் சொருகத் தொடங்கியதும், ஆனால் முற்றும் தூங்கிவிடுமுன், இரவு முழுதும் படுக்கப்போகும் இடத்திலேயே குழந்தையைக் கிடத்தித் தட்டிக்கொடுக்கவேண்டும். சில நாட்கள் சென்றபின் தட்டுவதை விட்டு முதுகில் கையை மட்டும் வைத்து, பிறகு அருகில் இருப்பதே போதும் என்ற நிலைக்கு வரவேண்டும். நடுவில் விழித்தாலும் விளக்குப் போடாமல், தூக்காமல், அதே தாழ்ந்த குரலில் சமாதானம் சொல்லவேண்டும். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு ஃபெர்பர் 1985-இல் எழுதிய நூலில், குழந்தையைத் தனியே விட்டு, இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டி வந்து பார்க்கும் முறையை விவரித்தார். எல்லோரும் ஒரே கூடத்தில் படுக்கும் குடும்பங்களுக்கு அது பொருந்துவது அரிது.

ஒன்று முதல் இரண்டு வயது வரை, பகல் உறக்கம் உட்பட, நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் அவசியம். பகல் தூக்கத்தை மறித்தால் இரவில் நன்றாகத் தூங்கும் என்பது தவறான எண்ணம். மிதமிஞ்சிக் களைத்த குழந்தை அடிக்கடி விழிக்கவே செய்யும். சாயங்காலம் வரை நீளும் தூக்கத்தை மட்டும் தவிர்த்தால் போதும்.

நாள்தோறும் குறட்டை, வாயால் மூச்சு விடுதல், காதைப் பிடித்துக்கொண்டு அழுதல் ஆகியவை காணப்பட்டால் வைத்தியரிடம் காட்டவேண்டும். தூக்கத்தில் ஓயாது கால்களை உதறுவது இரும்புச்சத்துக் குறைவினாலும் நேரலாம்.

மற்றபடி முக்கியமானது வீட்டாரின் ஒற்றுமை. தாய் பாயில் கிடத்தித் தட்டிக்கொண்டிருக்க, மனம் பொறுக்காத பாட்டி மறுபடியும் தூளியைக் கட்டினால், எந்த முறையும் பலிக்காது. முதல் சில இரவுகளில் அழுகை அதிகப்படவும் கூடும். அதைக் கண்டு பழைய வழக்கத்துக்கே திரும்பினால், இன்னும் சற்று உரக்க அழுதால் வேண்டியது கிடைக்கும் என்ற பாடத்தையே குழந்தை கற்றுக்கொள்ளும்.