தொட்டியின் விளிம்பைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை இறங்க மூன்று வாரம்கூட இல்லை. பனமலை, விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து வரும் கடிதங்களில் கேள்வி ஒன்றுதான்: "தண்ணீரைக் கொட்டிவிட்டோம், புகையும் அடித்துவிட்டார்கள். அப்புறமும் டெங்கு எப்படி வருகிறது?"

முட்டையிலிருந்து வருகிறது. ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். உங்கள் சிமென்ட் தொட்டியின் உள்விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். கரித்தூள் சிதறியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தொட்டி காய்ந்தாலும் அவை சாவதில்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மழையில் தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். தாய்க்கொசுவின் வைரஸ் முட்டைக்குள் இறங்குவதும் உண்டு.

வீடு வீடாக வந்து கொசுப்புழு தேடும் டிபிசி பணியாளர்கள் ஊற்றும் அபேட் மருந்து புழுவைக் கொல்லும். புகை, பறக்கிற கொசுவைக் கொல்லும். முட்டை தப்பிவிடும். புகை அடித்தாயிற்று, நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற அறிக்கைகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். எண்ணிக்கையிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. 2017இல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு, 65 சாவு என்றது அரசுக் கணக்கு. எலிசா பரிசோதனையில் உறுதியானால்தான் அந்தக் கணக்கில் பெயர் ஏறும். தனியார் லேபில் கார்டு டெஸ்ட் மட்டும் எடுத்தவர் வெறும் காய்ச்சல்காரராகவே போய்விடுவார்.

குளிர்நாடுகளுக்கும் முட்டைதான் வழி. ஏடிஸ் இனத்தையே சேர்ந்த ஆசியப் புலிக்கொசுவின் காய்ந்த முட்டைகள் பழைய டயர்களோடு கப்பலேறின; அங்கே பனிக்காலத்தையும் தாண்டின. 2007இல் கேரளத்திலிருந்து இத்தாலி போன ஒருவரின் ரத்தத்தில், இதே கொசுக்கள் பரப்பும் சிக்குன்குனியா வைரஸ் இருந்தது. கடிக்கப் புலிக்கொசு அங்கே தயாராக இருந்தது. ராவென்னா பகுதியில் 200 பேருக்கு மேல் படுத்தார்கள். நம் பஞ்சர் கடை வாசல்களில் அடுக்கியிருக்கும் டயர்களுக்குள்ளும் மழைத் தண்ணீர் நிற்கிறது.

கூடவே எழும் சில கேள்விகள். டெங்குக் கொசு எப்போது கடிக்கும்? பகலில்.

ஒருமுறை வந்தால் மறுபடி வராதா? டெங்குவில் நான்கு வகை. இரண்டாம் முறை கடுமையாகலாம்.

எந்த மாத்திரை? பாராசிட்டமால் மட்டும்; புரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம்.

காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போகலாமா? கூடாது. ஆபத்து அந்த இரண்டு நாளில்தான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு என்றால் உடனே ஜி.எச். போங்கள்.

குழாயில் தண்ணீர் வராத நாளுக்காகப் பிடித்துவைக்கும் டிரம்மைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருநாள் தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, தேங்காய் நாரால் உள்விளிம்பை அழுத்தித் தேயுங்கள். அடைமழை பிடிப்பதற்குள் ஒருமுறையாவது இதைச் செய்துவிடுங்கள்.