நாலு பெட்டி, ஒரு கணினி – 7: கம்பிக்குள் காத்திருப்பு

செயலியும் நினைவகமும் சென்ற வாரத்தோடு முடிந்தன. நாலு கணினிப் பெட்டிகளைச் சேர்த்து ஒரே கணினியாக உழைக்க வைப்பதுதான் இந்தத் தொடரின் வேலை. இந்த வாரம், பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவாசிகளுக்கு இதில் ஒரு கொடுப்பினை. தேக்காவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர். ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். கணினிச் சாமான் முதலாவதில், கேபிளும் கனெக்டரும் இரண்டாவதில். ஆனால் விலை விசாரிக்குமுன் உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

"எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்ச் போதாதா சார்?" என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர். அவர் வேலை, பழைய தமிழ் இதழ்களின் பக்கங்களை எழுத்துணரியில் ஓட்டுவது. தாராளமாகப் போதும். நாலு பெட்டியும் ஆளுக்கொரு கட்டுப் பக்கங்களை வாங்கிக்கொண்டு தனித்தனியே வேலை பார்க்கும். கிகாபிட் சுவிட்சின் விநாடிக்கு 125 மெகாபைட்டே அதற்கு அதிகம்.

மழை, வெள்ளம், காற்றோட்டக் கணக்குகள் அப்படியல்ல. பக்கத்துப் பெட்டியின் விடை வந்தால்தான் அடுத்த படி. அங்கே வேகத்தைவிடத் தாமதம்தான் வேலையைக் கெடுக்கும். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு சின்னச் செய்தி போய்ச்சேர 50 மைக்ரோவிநாடி என்று வையுங்கள். அதற்குள் 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு ஒன்றரை லட்சம் துடிப்பு வீண். இன்ஃபினிபேண்ட் என்ற இணைப்பு முறையில் ஒன்றிரண்டு மைக்ரோவிநாடியில் வேலை முடிந்துவிடும்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி இந்த இன்ஃபினிபேண்ட்தான். அது ஓர் அறைக்குள் ஓடுவதற்காகப் பிறந்தது. பெறும் முனை "இவ்வளவுக்கு இடமிருக்கிறது" என்று சொன்ன பிறகே அனுப்பும் முனை அனுப்பலாம். தேக்காச் சந்தையில் கடைக்காரர் இடம் காட்டிய பிறகே லாரியிலிருந்து மூட்டை இறங்குவதுபோல. அதனால் நெரிசலில் எதுவும் வழியில் தொலைவதில்லை. அறைக்குள் சரி, கடல் தாண்டினால்? சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குச் செய்தி போய்வர ஏறத்தாழ 200 மில்லிவிநாடி. 10 கிகாபிட் இணைப்பு நிறைந்தே ஓட வேண்டுமென்றால் 250 மெகாபைட் எந்நேரமும் வழியில் இருக்கும். அத்தனைக்கும் மறுமுனை முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். சாதாரண சுவிட்சில் அவ்வளவு இடம் ஏது? கனடாவின் அப்சிடியன் நிறுவனம் செய்த 'லாங்போ' பெட்டிகள் அந்த இடத்தைக் கொடுத்தன. அவற்றைக் கொண்டு சிங்கப்பூரின் ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பு 2014இல் 'இன்ஃபினிகார்ட்டெக்ஸ்' திட்டத்தில் கண்டம்விட்டுக் கண்டம் இன்ஃபினிபேண்டை ஓட்டிக் காட்டியது. அறைக்குள் ஓடப் பிறந்தது பசிபிக்கைத் தாண்டிவிட்டது!

அதில் பங்கேற்றவர்களில் ஒருவர் டான் டின் வீ. தமிழர்கள் இந்தப் பெயரை மறக்கக் கூடாது. 1995இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆய்வை நடத்திக்கொண்டிருந்தபோது, 'கணியன்' எழுத்துருவைத் தந்த நா. கோவிந்தசாமியோடு சேர்ந்து, நான்மொழிக் கவிதைத் தளமொன்றில் தமிழை வலையேற்றியவர். கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். டான் பின்னாளில் தேசிய மீத்திறன் கணினி மையத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஃபியூஷனோபொலிஸில் 2016இல் இயங்கத் தொடங்கிய அந்த மையத்தின் 'ஆஸ்பயர் 1' கணினியிலும் இன்ஃபினிபேண்ட்தான் ஓடியது, விநாடிக்கு 100 கிகாபிட் வேகத்தில். தமிழ் எழுத்துக்கு வலையில் இடம் தேடியவரும் மீத்திறன் கணினிக்குக் கடல் கடந்து பாதை தேடியவரும் ஒரே ஆள் என்பதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும்.

சரி, நம் மேசைக்கு வருவோம். மூன்றே பெட்டி என்றால் சுவிட்சே வேண்டாம். இரட்டைப் போர்ட் இன்ஃபினிபேண்ட் கார்டு மூன்று, முனை பொருத்தியே வரும் செப்புக் கேபிள் மூன்று வாங்கி முக்கோணமாகப் பூட்டிவிடலாம். பழைய மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 கார்டு கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: லினக்ஸோடு வரும் டிரைவரே அதை ஓட்டும், ஆனால் தயாரிப்பாளரின் புதிய டிரைவர் தொகுப்பில் அதற்கு ஆதரவு இல்லை. நாலாவது பெட்டி சேர்ந்தால் ஒவ்வொன்றிலும் மூன்று போர்ட் வேண்டும். சுவிட்ச் அங்கேதான் அவசியமாகிறது. அதன் விசிறி இரைச்சல், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது கக்கும் சூடு, பழைய சுவிட்சா புதியதா என்ற கேள்வி எல்லாம் அடுத்த வாரம்.