ஒன்றுக்கு எண்பது

குதிரைப் பந்தய மைதானத்தின் கூச்சலைப் பற்றி அநேகர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே உண்டாகும் மௌனத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. எல்லாரும் நம்பிப் பணம் கட்டிய குதிரை நாலாவதோ ஐந்தாவதோ வந்து நிற்க, ஒருவரும் ஏறெடுத்துப் பாராத குதிரை ஒன்று முந்திக்கொண்டு கம்பத்தைக் கடந்துவிட்டால், ஆயிரம் தொண்டைகளிலிருந்து எழுந்த ஆரவாரம் மத்தாப்பு அணைந்தாற்போல் சட்டென்று அடங்கிப் போகிறது. அப்புறம் காகிதம் கிழிகிற சத்தம் கேட்கிறது. கிண்டி மைதானத்துப் புல்தரையிலே தலைமுறை தலைமுறையாக விழுந்த டிக்கெட்டுத் துண்டுகளை யாராவது சேர்த்து வைத்திருந்தால், சென்னைப் பட்டணத்துக் குடும்பங்களின் சரித்திரத்தில் ஒரு பாகம் அதிலே அகப்பட்டிருக்கும்.

மௌனம் கலைந்ததும் பேச்சு ஆரம்பமாகும். பந்தயப் பிரியர்களின் பேச்சு எந்தத் தேசத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். "ஜாக்கி குதிரையை இழுத்துப் பிடித்துவிட்டான், எல்லாம் முன்னாலேயே பேசி வைத்த காரியம்" என்பார்கள் ஒரு சாரார். "நேற்று இராத்திரி அந்தக் குதிரையைத்தான் குறித்து வைத்திருந்தேன், அண்ணே! காலையிலே இந்தப் பாவி வந்து என் மனசைக் கலைத்துவிட்டான்" என்று பக்கத்திலிருப்பவரைச் சுட்டிக் காட்டுவார்கள் இன்னொரு சாரார். உண்மையிலே ஜயித்தவன் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். கடன்காரன் காதில் விழுந்துவிடப் போகிறதே என்ற கவலை அவனுக்கு!

நிற்க. இந்த விஷயத்தை நாம் கிண்டியிலே நின்றுகொண்டு பார்க்கப் போவதில்லை. சேத்துப்பட்டிலே நின்றுகொண்டு பார்க்கப் போகிறோம். சேத்துப்பட்டு என்றதும் சென்னை நேயர்கள் கூவம் நதிக்கரையிலுள்ள தங்கள் சேத்துப்பட்டை நினைத்துக்கொள்வார்கள். நாம் சொல்வது திருவண்ணாமலை ஜில்லாவில், ஆரணிச் சீமையைச் சேர்ந்த சேத்துப்பட்டு. வடக்கே போனால் பட்டுக்குப் பேர்போன ஆரணி. தெற்கே போனால் செஞ்சிக் கோட்டை.

செஞ்சி பக்கத்தில் இருப்பதனால், குதிரைக் கதை இந்தப் பிரதேசத்து ஜனங்களுக்குப் புதிதன்று. தேசிங்குராஜன் கதையைத் தெருக்கூத்திலும் பாட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். தில்லி பாதுஷாவின் லாயத்திலே எவராலும் அடக்க முடியாத குதிரை ஒன்று நின்றதாம். அதை அடக்க முடியாமல் தகப்பன் சிறைப்பட்டுக் கிடக்க, பால் மணம் மாறாத பிள்ளை வந்து அதன்மேல் தாவி ஏறி அடக்கிக் காட்டினானாம். அந்தப் பிள்ளைதான் தேசிங்கு; அந்தக் குதிரைதான் பாராசாரி. அவன் நண்பன் மகமத்கானுடைய குதிரைக்கு நீலவேணி என்று பெயர். சரித்திரத்துத் தேசிங்கு 1714-ம் வருஷம் ஆர்க்காட்டு நவாபின் சைனியத்தோடு போரிட்டு மடிந்தான். பாட்டிலே வருகிற பாதுஷாவின் சபையில் அத்தனை பேரும் பிரமித்துப் போனார்கள். ஆனால் அன்று யாரும் டிக்கெட்டு வாங்கியிருக்கவில்லை; ஆகையால் யாருடைய வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

கிண்டியின் சங்கதி வேறு. அங்கே 1777-ம் வருஷத்திலேயே வெள்ளைக்காரத் துரைமார் பந்தயம் ஆரம்பித்துவிட்டதாகச் சொல்வார்கள். சென்னைப் பந்தயச் சங்கம், அதாவது மெட்ராஸ் ரேஸ் கிளப், ஏற்பட்டது 1896-ல். துரைமார் கப்பலேறிப் போன பிறகும் குதிரைகள் நின்றன. நம்மவர்கள் அவர்களுடைய நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள்.

கிண்டியிலிருந்து சேத்துப்பட்டுக்குச் செய்தி எப்படி வந்து சேர்கிறது? பெரும்பாலும் ஓர் 'ஆம்' விகுதியைச் சுமந்துகொண்டு வருகிறது. "யாரோ ஒருத்தன் ஐந்நூறு ரூபாய் கட்டினானாம், நாற்பதாயிரம் வந்ததாம்!" தறிக்குழியில் காலை வைத்துக்கொண்டு, ஒரு பட்டுப்புடவையைப் பல நாள் ஓட்டி முடித்துக் கூலி வாங்குகிற மனிதன் காதிலே இந்த 'ஆம்' விழுகிறது. அவன் நெய்கிற புடவைக்கு மனைவி நூல் சுற்றித் தந்திருக்கிறாள். ஒரு கூலியிலே இரண்டு பேருடைய உழைப்பு இருக்கிறது. அவன் மனம் உடனே பெருக்கல் கணக்குப் போட ஆரம்பிப்பதில் ஆச்சரியம் என்ன?

அந்தப் பெருக்கல் கணக்குக்குப் பின்னாலே ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. 'டோட்' என்று சொல்லப்படும் பொதுப் பந்தய முறையை 1860-களில் பாரிஸ் நகரத்திலே கண்டுபிடித்தவர் ஜோசப் ஓலர். (இந்த மகானுபாவரே பின்னால் மூலான் ரூஜ் என்னும் பிரசித்தமான நாட்டியசாலையையும் ஸ்தாபித்தவர்களில் ஒருவர், ஜனங்களின் சட்டைப் பையைத் திறக்கும் வித்தை தெரிந்தவர்.) முறை வெகு எளிது. ஒரு பந்தயத்தில் எல்லாரும் கட்டிய பணத்தை ஒரே உண்டியலில் போடுகிறார்கள். வரிக்கும் சங்கத்துக்குமாக ஒரு பங்கை முதலில் எடுத்துவிடுகிறார்கள். மிச்சத்தை, ஜயித்த குதிரைமேல் கட்டியவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உண்டியலில் சேர்ந்தது ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் எண்பதாயிரம். எல்லாரும் நம்பிய குதிரைமேல் ஐம்பதாயிரம் விழுந்திருந்து அது ஜயித்தால், ரூபாய்க்கு ஒரு ரூபாய் அறுபது காசு. யாரும் நம்பாத குதிரைமேல் ஆயிரமே விழுந்திருந்து அது ஜயித்துவிட்டால், ஒன்றுக்கு எண்பது! அந்த ஆயிரத்தை ஆளுக்கு ஐந்நூறாகக் கட்டியவர்கள் இரண்டே பேர் என்றால், ஆளுக்கு நாற்பதாயிரம். மீதித் தொண்ணூற்றொன்பதாயிரத்தை ஆளுக்கு நூறாகக் கட்டியவர்கள் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர். ஊருக்கு வருகிற செய்தியிலே அந்த இரண்டு பேர் வருகிறார்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேரும், "சங்கத்திலே கூலி இன்னும் போடவில்லை" என்று வீட்டிலே சொல்லிவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பற்றிச் செய்தி கிடையாது.

கூட்டம் எவ்வளவுக்கெவ்வளவு நிச்சயமாக நம்புகிறதோ அவ்வளவுக்கவ்வளவு எதிர்பாராத குதிரையின் பரிசு பெருத்துப் போகும். பரிசு ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. அடுத்த வீட்டுக்காரனுடைய சட்டைப் பையிலிருந்து வருகிறது. டோட் நடத்துகிறவர்களுக்கு எந்தக் குதிரை ஜயித்தாலும் ஒன்றுதான். புக்கிகளின் கதை சற்று வேறு. அவர்கள் பந்தயம் கட்டும்போதே விகிதத்தைப் பேசி முடித்துவிடுகிறார்கள். பேர்போன குதிரை தோற்கிற நாள் அவர்களுக்குத் தீபாவளி.

இந்த வித்தியாசத்தை உலகமறியக் காட்டிய குதிரை ஒன்று உண்டு. 1967-ம் வருஷம் ஏப்ரல் 8-ந் தேதி இங்கிலாந்தில் நடந்த கிராண்ட் நேஷனல் பந்தயத்திலே நாற்பத்து நாலு குதிரைகள் ஓடின. அவற்றில் பாய்னவான் என்பதை அதன் சொந்தக்காரரே நம்பவில்லை. மைதானத்துக்கு அவர் வரவே இல்லை. பழக்கியவரும் வேறோர் ஊர்ப் பந்தயத்துக்குப் போய்விட்டார். இருபத்து மூன்றாவது வேலியண்டை, ஆளில்லாமல் ஓடிய குதிரை ஒன்று குறுக்கே பாய்ந்தது. முன்னால் வந்த குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குவிந்தன. ஜாக்கிகள் வேலியின்மேல் வீசியெறியப்பட்டார்கள். பாய்னவான் வெகு தூரம் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. அதுவே அதற்கு அநுகூலமாயிற்று. அதன்மேல் இருந்த ஜான் பக்கிங்காம் சந்து பார்த்துத் தாண்டிப் போனார்; அப்புறம் அதை யாராலும் பிடிக்க முடியவில்லை. புக்கிகள் ஒன்றுக்கு நூறு கொடுத்தார்கள். டோட் ஒன்றுக்கு 444 கொடுத்தது! அவ்வளவு குறைவான பேர் அதன்மேல் கட்டியிருந்தார்கள் என்பதே அதற்கு அர்த்தம். அந்த வேலிக்கு இன்று பாய்னவான் என்றே பெயர்.

இத்தகைய விபத்து நூற்றிலொன்று. சாதாரணப் பந்தயத்திலும் அதிசயம் நடப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. 'ஹாண்டிகாப்' என்னும் வகையில், கெட்டிக்காரக் குதிரைக்கு அதிகப் பாரமும் சாதாரணக் குதிரைக்குக் குறைந்த பாரமும் வைத்து ஓட்டுகிறார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே வரிசையாகக் கம்பத்தைக் கடக்க வேண்டும் என்பதுதான் பாரம் நிர்ணயிக்கிறவருடைய லட்சியம். அதாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் முடிவை நிச்சயமில்லாததாகச் செய்துகொண்டிருக்கிறார்! உலகமெங்கும் பொதுவாக, ஜனங்கள் அதிகமாக நம்பிய குதிரை மூன்றில் ஒரு பந்தயத்திலேதான் ஜயிக்கிறது.

டிக்கெட்டைக் கிழிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. 2019-ம் வருஷம் மே மாதம் அமெரிக்காவின் கெண்டக்கி டெர்பியில் மாக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரை முதலில் வந்தது. மற்றக் குதிரைகளுக்கு இடைஞ்சல் செய்ததாக ஆட்சேபம் எழுந்தது. நடுவர்கள் இருபது நிமிஷத்துக்கு மேல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு அதைப் பதினேழாவது இடத்துக்குத் தள்ளி, ஒன்றுக்கு அறுபத்தைந்து என்றிருந்த கண்ட்ரி ஹவுஸ் ஜயித்ததாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்குள் கண்ட்ரி ஹவுஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவர்கள் கதி என்ன! நம் ஊர் மைதானங்களிலும் ஜாக்கிகளை நிறுத்துப் பார்த்து முடிவை ஊர்ஜிதம் செய்கிற வரையில் எதுவும் முடிவல்ல.

இனி, சட்டத்தின் சங்கதி. 1974-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. (1968 முதல் சர்க்காரே லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது, குதிரையைக் கண்டால் மட்டும் பயம்! லாட்டரிகளுக்கெல்லாம் முடிவான தடை 2003-லேதான் வந்தது.) சங்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். 1986-ல் சர்க்கார் சங்கத்தையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் செய்தது. 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று: குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமல்ல, பெரும்பாலும் திறமையையே பொறுத்தது என்று.

தீர்ப்புக்கு நாம் தலை வணங்குகிறோம். குதிரைக்குத் திறமை உண்டு; ஜாக்கிக்கு உண்டு; பழக்குகிறவருக்கு உண்டு. இருபது வருஷம் ரேஸ் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவருக்கும் ஓரளவு இருக்கலாம். ஆனால் சேத்துப்பட்டிலே 'ஆம்' என்ற ஒரு விகுதியை நம்பிக் கூலிப் பணத்தை எடுத்துக் கொடுக்கிற மனிதனிடம் எந்தத் திறமையைக் கண்டுபிடிப்பது? பாய்னவான்மேல் கட்டியவனாவது, வேலியண்டை நடக்கப் போவதை ஆராய்ந்து அறிந்தா கட்டினான்?

அந்த மனிதன் முன்பெல்லாம் பஸ் ஏறி அரை நாள் பயணம் செய்து கிண்டிக்குப் போக வேண்டியிருந்தது. அந்தத் தூரமே பாதிப் பேரைக் காப்பாற்றிற்று. கைப்பேசி வந்தபின், சூது தறிக்குழிக்கே வந்து நிற்கிறது. அதற்கு எதிராக 2022-ல் மாநிலச் சட்டசபையும் 2025-ல் பாராளுமன்றமும் சட்டம் செய்ய வேண்டி வந்தது.

கிண்டியிலே இப்போது வழக்கு மண்ணைப் பற்றி. 1945-ல் நூற்றறுபது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம். சென்னையிலே ஒரு குடித்தனக்காரர் இதைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார். வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்லி, 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்துச் செய்து வாசலுக்குச் சீல் வைத்தது. சங்கத்தார் மறுபடியும் கோர்ட்டுப் படி ஏறினார்கள்.

இதற்கிடையில், குதிரைமேல் கட்டுகிற பணத்துக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 40 சதவிகிதமாக உயர்ந்துவிட்டது. மேலே ஐந்தில் ஒரு பங்கு கழித்து நாம் போட்ட கணக்கு, இந்த வரியைப் பார்க்காமல் போட்ட கணக்கு.