குதிரைக்காரனும் கழுதைக்காரனும்

மன்னார்த் தீவுக்குச் செல்வோர் மறவாது நினைவில் வைத்திருப்பவற்றுள் அங்குள்ள கழுதைகளும் அடங்கும். முற்காலத்தில் அராபிய வணிகரோடு வந்தவை என்று சொல்லப்படும் இவை, பகலிற் கடைத்தெருவிலும் இரவில் நடுவீதியிலும் அச்சமின்றி நிற்கும். இருளில் விரைந்து வரும் வாகனங்களில் மோதுண்டு அவை மாள்வதும் உண்டு. கழுதையாயினும் மனிதராயினும், வீதியில் ஒரு விபத்து நேர்ந்ததும் எழும் முதற் கேள்வி, "பிழை யாருடையது?" என்பதே.

"இருவரிலும் பிழை" என்று விடை வந்தால், அடிபட்டவருக்கு நட்டஈடு உண்டா? "எங்கட பொடியனிலயும் பிழை இருக்குத்தானே" என்று சொல்லி, வாகனக்காரர் நீட்டும் சிறு தொகையை வாங்கிக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளும் பெற்றோர் உளர். அவர்களுடைய எண்ணம் ஒரு காலத்திற் சரியாக இருந்தது. இன்று அது தவறு. அது மாறிய கதையில் ஒரு குதிரைக்கும் ஒரு கழுதைக்கும் இடமுண்டு.

1809ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட வழக்கு ஒன்று. டார்பி நகரில் ஒருவர் தம் வீட்டைத் திருத்தும்பொழுது வீதிக்குக் குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டிருந்தார். அந்தி வேளையில் பட்டர்ஃபீல்ட் என்பவர் மதுச்சாலையினின்றும் புறப்பட்டு, குதிரையைக் கடுவேகமாகச் செலுத்திவந்து, கம்பத்தில் மோதி விழுந்து காயமுற்றார். நூறு யார் தொலைவிலேயே கம்பம் தெரியத்தக்க வெளிச்சம் அப்பொழுது இருந்தது. நிதானமாக வந்திருப்பின் அவர் தப்பியிருக்கலாம் என்பதால் அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. கம்பம் போட்டவரின் பிழை காற்றோடு போயிற்று.

அடுத்தது 1842ஆம் ஆண்டின் கழுதை வழக்கு. டேவிஸ் என்பவர் தம் கழுதையின் முன்னங்கால்களைப் பிணைத்து வீதியோரத்தில் மேயவிட்டிருந்தார். மூன்று குதிரைகள் பூட்டிய பாரவண்டி விரைந்து வந்து அதனை மோதிக் கொன்றது. கழுதையை வீதியில் விட்டது தவறாயினும், வண்டிக்காரன் கவனித்து ஓட்டியிருந்தால் அதனைத் தவிர்த்திருக்கலாம். எனவே வண்டிக்காரரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. விபத்தைத் தவிர்க்கும் இறுதி வாய்ப்பு யாருக்கு இருந்ததோ, அவர் தலையிலேயே முழுப் பழியும் என்ற விதி இதினின்றும் வளர்ந்தது.

குதிரைக்காரருக்கு ஒன்றுமில்லை, கழுதைக்காரருக்கு எல்லாம்! ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது நம் பழமொழி. ஆயின், அக்காலச் சட்டமோ ஒரு கையை மட்டுமே பார்த்தது.

இங்கிலாந்து 1945இல் இக்குறையை நீக்கியது. தீங்குகளுக்கான நட்டஈட்டில் உரோம-டச்சுச் சட்டத்தைப் பின்பற்றும் நமது நாட்டிலும், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இம்மாற்றத்தைக் கொணர்ந்தது. அடிபட்டவரிலும் பிழை உண்டென்பதனால் அவரது கோரிக்கை அழிந்துவிடாது. அவரது பொறுப்பின் அளவுக்கு ஏற்ப, நீதிமன்றம் நியாயமெனக் கருதும் அளவிலே தொகை குறைக்கப்படும்.

ஓர் உதாரணம் காண்போம். தலைமன்னார் வீதியில் இரவிலே விளக்கின்றிச் சைக்கிளிற் செல்லும் இளைஞன் ஒருவனை, அதிவேகமாக வந்த லொறி மோதிவிடுகின்றது. வைத்தியச் செலவு, இழந்த உழைப்பு, பட்ட வேதனை யாவும் சேர்த்து இழப்பு 8 இலட்சம் ரூபா என்று கொள்வோம். விளக்கின்மைக்காக அவன்மீது காற்பங்கு பொறுப்பை நீதிமன்றம் சுமத்துமாயின், 2 இலட்சம் கழிய 6 இலட்சம் அவனுக்கு உரியதாகும். "அவனிலும் பிழைதானே" என்று விட்டுவிட்டால், குடும்பம் இழப்பது அந்த 6 இலட்சத்தையே.

பங்கைப் பிரிப்பதற்குத் தராசு ஏதும் இல்லை. வேகம், வெளிச்சம், வீதியின் நிலை ஆகியன நோக்கப்படும். சிறு பிள்ளையிடம் வளர்ந்தோருடைய நிதானம் எதிர்பார்க்கப்படுவதில்லை.

குடும்பத்தவர் மனத்திற் கொள்ளவேண்டியவை இரண்டு. நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். "இனி எவ்வித உரிமையும் இல்லை" என்று எழுதிய தாளில், சட்டத்தரணி ஒருவரைக் கலந்தாலோசியாமற் கையொப்பமிடுதல் ஆகாது.

மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. முழுவதையும் இழக்கவேண்டி வந்த காலத்தில், தன் பிழையை மறைக்க மனிதன் துணிந்திருக்கலாம். இன்று உண்மையை உள்ளபடி சொல்பவனுக்கும் உரிய பங்கு உண்டு. விளக்கில்லாமற் போனேன் என்று ஒப்புக்கொள்வது உரிமையைக் கைவிடுவதாகாது. ஆயினும், எந்த நட்டஈடும் முறிந்த காலை முன்போல் ஆக்கிவிடாது. ஆதலால் இன்று மாலையே சைக்கிளின் விளக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.